சுண்டிப் பார்த்த சக்கரம்

அண்ணி ஓட்டப்போகும் மலைப்பாதைப் பந்தயத்துக்கு இன்னும் மூன்றே நாள். பாறையில் மோதி வளைந்த அவளுடைய பழைய சைக்கிள் சக்கரங்கள் சுவரோரம் சாய்ந்திருக்க, கொழுந்தன் விற்கக் கொண்டுவந்த ஜோடியை அண்ணி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள். "ஒருநாள்கூட ஓட்டலை அண்ணி, அப்படியே புதுசு" என்கிறான் அவன். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்ன அவன் முழங்கையில் இன்னும் கட்டு இருக்கிறது. அவள் ஸ்போக்ஸ் கம்பிகளை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டுகிறாள். எல்லாம் ஒரே சுருதியில் கணீரென்கின்றன. அடுத்தடுத்த மூன்று மட்டும் தொண்டை கட்டியதுபோல் ஒலிக்கின்றன. புதுசாம். அந்த மூன்றுக்கு நேரே, விளிம்பைத் தடவும் விரல் ஒரு நெளிவில் தயங்கி நிற்கிறது. "இதை மாட்டிக்கிட்டு நீயே ஒரு தடவை அந்தப் பந்தயப் பாறைச் சரிவுல இறங்கிக் காட்டேன்" என்கிறாள். அவன் சிரிக்கிறான். கை மட்டும் முழங்கைக் கட்டைப் பொத்திக்கொள்கிறது.