ரத்தம் நின்ற பிறகு

பீடியை விட்ட மாதமே சூசைமாணிக்கத்தின் ஈறுகளில் ரத்தம் கசியத் தொடங்கியது. காலையில் பல் துலக்கித் துப்பினால் தொட்டி சிவந்தது. கொய்யாவைக் கடித்தால் பல் பதிந்த இடமெல்லாம் சிவப்பு. இத்தனை வருடம் ஓயாமல் ஊதியபோது வராத ரத்தம். மாதாவின் மேல் சத்தியம் வாங்கி அவனை விடவைத்தவள் மனைவி பிலோமி. கறைபட்ட தலையணை உறையை அலசும்போதெல்லாம், தானே ஏதோ தப்புச் செய்துவிட்டதுபோல் அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தாள்.

பல் டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்குள் இறக்கினார். அது போய்க்கொண்டே இருந்தது.

"நோய் எப்பவோ வந்திருச்சுங்க. ரத்தம் வராம பீடிதான் அமுக்கி வெச்சிருந்துச்சு. இப்ப வர்றது நல்லதுக்குத்தான். திரும்ப மட்டும் பிடிச்சிராதீங்க."

"நோய் இருந்தா எனக்குத் தெரியாமயா இருக்கும்?" என்று வீடு திரும்பும் வழியெல்லாம் பிலோமியிடம் கேட்டுக்கொண்டே வந்தான் சூசைமாணிக்கம். மறுநாள் புளி வாங்கப் போனவள், ஒரு பீடிக்கட்டையும் வாங்கிவந்து ஜன்னலில் வைத்தாள்.

தொட்டி வெளுத்தது. தலையணை உறை வெளுத்தது. வீட்டில் பழையபடி பேச்சும் சிரிப்பும் வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன்குழம்புச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் வாய்க்குள் விரலை விட்டு எதையோ எடுத்தான். முள் என்று நினைத்துத்தான் பிலோமியும் எட்டிப் பார்த்தாள். வேரோடு வந்திருந்தது ஒரு முழுப் பல். அதை உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினான்.

"பாத்தியா பிலோமி," என்றான் முகமெல்லாம் மலர்ந்து. "ஒரு சொட்டு ரத்தங்கூட வரல."