அபூர்வ முதுகு

மீசைக்கு மை தீட்டி, புதுச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தார் துணை மேலாளர். அவர் படம் பத்திரிகையில் வரப்போகிறது.

"எந்தப் பக்கம் பார்க்கட்டும்?" என்றார், கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தபடி.

"சுவரைப் பாருங்க," என்றார் டாக்டர். "சட்டையைக் கழட்டிடுங்க. எங்களுக்கு முதுகுதான் வேணும்."

தோள்பட்டை எலும்புக்கு அடியில் ஒரு கட்டி. கெடுதல் இல்லாதது, வெட்ட வேண்டியதும் இல்லை. போன வாரம் டாக்டர் இதையெல்லாம் விளக்கியபோது அவர் காதில் ஏறியது 'அபூர்வம்' என்ற ஒரே சொல்தான்.

பாவம், வீட்டில் இரண்டாவது பிள்ளை. வகுப்பில் இரண்டாவது ரேங்க். ஆபீசில் 'துணை'யாகவே ரிட்டயரும் ஆகிவிட்டார். வாழ்க்கையில் இப்போதுதான் ஒன்றில் முந்தியிருக்கிறார். மாடிவீட்டுக்காரர் முதல் பால்காரர்வரை எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது.

மருத்துவ இதழில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம். அதற்கு இவர் முதுகு தேறுமா என்பதை இன்று டாக்டர் முடிவு செய்வார்.

கேமராவோடு வந்த நர்ஸ் முதுகை மேலும் கீழும் பார்த்தாள். "ஒண்ணுமே தெரியலையே டாக்டர்?"

துணை மேலாளருக்கு வியர்த்துவிட்டது. "நல்லாப் பாருங்க சிஸ்டர்! காலையிலகூட இருந்துது!"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள், சட்டையை வாங்கி வைத்துக்கொண்டு மூலையில் நின்ற மனைவி, "கையை முன்னால கட்டிக்குங்க. எலும்பு நகர்ந்தாத்தான் அது எட்டிப் பார்க்கும்," என்றாள்.

கட்டிக்கொண்டார். எட்டிப் பார்த்தது. அவருக்கும் உயிர் வந்தது. 'க்ளிக்.'

"பெரும்பாலும் கையை நீட்டி மடக்கி உழைக்கிறவங்களுக்குத்தான் இது வரும்னு சொல்றாங்க," என்றபடி டாக்டர் படிவத்தை எடுத்தார். "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"முப்பத்தஞ்சு வருஷம் கையெழுத்து போட்டேன் டாக்டர். ஒரு நாளைக்கு இருநூறு!"

டாக்டர் அதை எழுதவில்லை. "சரி, கடைசிக் கேள்வி. வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?"

"சேச்சே! எங்க அண்ணன் அவ்வளவு பெரிய இன்ஜினியர், அவருக்கே இல்ல. இவளுக்கு இதுவரைக்கும் ஒரு தலைவலிகூட வந்தது கிடையாது. எங்க வீட்ல எனக்கு மட்டும்தான். அந்த 'மட்டும்'ங்கிறதைக் கொஞ்சம் பெரிசா எழுதிக்குங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். மனைவி சட்டையை நான்காக மடித்து மேஜையில் வைத்தாள்.

"எனக்கு ரெண்டு பக்கமும் இருக்கு டாக்டர்."