மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே

“இதுவும் சரியா வராது பாய். அடுத்ததைக் காட்டுங்க.”

எபி மைக்கை உருவிவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தான். இது ஐந்தாவது லேப்டாப்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாக்கியசீலனுக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

பாளையங்கோட்டை வட்டாரத்தில் அவருடைய மெல்லிசைக் குழுவைத் தெரியாதவர்கள் குறைவு. கோயில் கொடை விழாவோ, சர்ச் அசன விருந்தோ, கல்யாண வரவேற்போ, முப்பது வருஷமாக முன்னால் நின்று பாடுகிறவர் அவர்தான். எபி நாலு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறான். தாளம், வயலின் எல்லாவற்றையும் லேப்டாப்பிலிருந்து ஓடவிடுவதும் அவன்தான்.

பழைய லேப்டாப்பில் அதெல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது? பிறகு எதற்குப் புதுசு?

கடைக்காரர் நூர்முகம்மதுவும் அதையேதான் கேட்டார். “மேடையில மியூசிக் ஓடவிடத்தானே தம்பி? அதுக்கு இது தாராளமாச்சே.”

“அது எதுலயும் ஓடும் பாய். இது குரலுக்கு. மைக்ல பாடுதது லேப்டாப்புக்குள்ள போயிட்டு ஸ்பீக்கர்ல வரணும். இம்மியும் பிந்தப்பிடாது. பழசு பிந்துது.”

“குரலா? யாரு குரலுலே?” என்றார் பாக்கியசீலன்.

“பொதுவாச் சொன்னேன் அண்ணாச்சி.” எபி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பொதுவாகவாம்! மைக்கில் பாடினால் நேரே ஸ்பீக்கருக்குப் போய்விட்டுப் போகிறது. நடுவில் லேப்டாப்புக்கு என்ன வேலை?

ஆறு மாதமாகவே இவன் போக்கு சரியில்லை. அவர் பாடுவதை ஒன்று விடாமல் பதிவு செய்கிறான். மேடையில் பக்கத்தில் போனால் திரையைத் திருப்பிக்கொள்கிறான். போன தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்தில் ஒரு குழுவைப் பார்த்தார். மேடையில் நின்றவன் வாயை மட்டும் அசைத்தான், பாடியது லேப்டாப். யார் குரலை வேண்டுமானாலும் இப்போது கம்ப்யூட்டரே எடுத்துப் பாடிவிடுமாம், மகள் ஃபெபி சொன்னாள். அவர் குரலை உள்ளே அடைத்து வைத்துக்கொண்டால், அப்புறம் அவர் எதற்கு?

இத்தனை காலம் சோறு போட்ட குரல். அதைக் களவு கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க அவர் என்ன கேனையனா? இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்து, குழுவைவிட்டே இவனை விரட்டிவிடுவது என்று முடிவு செய்துதான் கூட வந்திருந்தார்.

“யாருவே பைக்கை நடுவுல மறிச்சு விட்டது?” வெளியே யாரோ சத்தம் போட்டார்கள். எபி சாவியோடு ஓடினான்.

சோதிக்க அவன் சொருகிய பென் டிரைவ் லேப்டாப்பிலேயே இருந்தது.

“பாய், அதைத் திறந்து பாரும்.”

“அடுத்த ஆளு சாமானை நோண்டப்பிடாதுவே.”

“எங் குரலு அதுல இருக்கான்னு பாக்கணும். எம் பொழப்புவே அது.”

நூர்முகம்மது அரைமனதாகத் திறந்தார். முதல் ஃபோல்டரின் பெயரே ‘அண்ணாச்சி குரல்’.

“பாத்தீரா? களவாணிப்பய!”

உள்ளே ஊர் ஊராக அடுக்கி வைத்திருந்தான். நாங்குநேரி கொடை, விக்கிரமசிங்கபுரம் கல்யாணம்... ஒவ்வொன்றிலும் இரண்டு பதிவுகள். ஒன்றின் பெயர் ‘மைக்’, இன்னொன்றின் பெயர் ‘ஸ்பீக்கர்’.

நூர்முகம்மது நாங்குநேரி கொடையில் ‘மைக்’ என்ற பதிவைத் தட்டினார்.

சரணத்தில் குரல் மேலே ஏறப் பார்த்தது. ஏற மாட்டாமல் உடைந்தது. சுருதி எங்கேயோ கிடந்தது.

“எவன்வே இது? நாராசமா இருக்கு, நிப்பாட்டும்.”

நிறுத்துவதற்குள் பாடியவர் பாட்டின் இடையில் பேசினார். “இந்தப் பாட்டை விரும்பிக் கேட்ட கலைச்செல்வி டீச்சருக்கு நன்றி!”

அந்த மேடையில் டீச்சருக்கு நன்றி சொன்னது பாக்கியசீலனேதான்.

நூர்முகம்மது ‘ஸ்பீக்கர்’ என்றதைத் தட்டினார். அதே பாட்டு. டீச்சருக்கு அதே நன்றி. ஆனால் சரணத்தில் குரல் ஜம்மென்று ஏறி நின்றது. கைதட்டல் காதைப் பிளந்தது. அந்தக் கைதட்டலை நினைத்து இரண்டு நாள் சரியாகத் தூங்காதவர் அவர்.

“வெளங்குதாவே?” நூர்முகம்மது குரலைத் தாழ்த்தினார். “நீரு பாடுத நேரத்துலயே, சுருதி விலகுத இடத்தையெல்லாம் இந்தப் பய உள்ள வச்சு சரிபண்ணி வெளிய விடுதான். பழைய லேப்டாப்புல அது பிந்துது. அதான் இப்படி ஒண்ணொண்ணா சோதிச்சுப் பாக்கான்.”

பாக்கியசீலனுக்குக் குரல் போனது கூடப் பெரிதாகப் படவில்லை. களவாணி என்று சொன்ன வாய்தான் கூசியது.

எபி திரும்பி வந்தபோது ஃபோல்டர் மூடியிருந்தது.

“எபி, நெசத்தைச் சொல்லுலே. எதுக்கு இம்புட்டு மெனக்கெடுத?”

எபி அடுத்த லேப்டாப்பில் மைக்கைச் சொருகியபடியே சொன்னான்.

“எல்லாம் எங் கீபோர்டாலதான் அண்ணாச்சி. மேல போகப் போக சுருதி விலகுது. ஒங்க குரலை உள்ள வாங்கி, அதுக்குத் தக்கன கீபோர்டைச் சரிபண்ணுதேன். என்னால ஒங்க பாட்டு கெட்டுரக் கூடாதுல்லா?”

கீபோர்டு தானாகச் சுருதி விலகாது என்பது நேற்று மேடையேறியவனுக்குக்கூடத் தெரியும்.

பாக்கியசீலன் தொண்டையைச் செருமிக்கொண்டு நூர்முகம்மதுவைப் பார்த்தார்.

“இருக்கதுலயே நல்லதா ஒண்ணு எடுத்துப் போடும் பாய். பாவம், பய கீபோர்டுக்கு வயசாயிட்டு.”