வீட்டுக்கு ஒரு படம்

எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் புத்தி தேவையோ, அதற்கேற்ற குடும்பப் படத்தை சுவரிலிருக்கும் வீட்டுத்திரையே தானாக உருவாக்கிக் காட்டிவிடும். தூத்துக்குடியில் சேர்மராஜ் வீட்டில் ஞாயிறுதோறும் அண்ணன் தம்பி கதைதான். பிரிந்த இருவரும் கடைசியில் கட்டிக்கொள்வார்கள். எட்டு வயது மகள் மதிவதனி கைதட்டுவாள். சேர்மராஜுக்குத்தான் இருப்புக்கொள்ளாது. அவன் தன் அண்ணனோடு பேசி ஆறு வருடமாகிறது.

இந்த வாரப் படத்தில் அண்ணன் செத்துப்போனான். தம்பி வந்து சேர்வதற்குள் உடலை எடுத்துவிட்டார்கள்.

மதிவதனி கைதட்டவில்லை. "அப்பா, நம்ம பெரியப்பா நல்லாத்தான இருக்காவ?" என்று கேட்டாள்.

சேர்மராஜ் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தான். வெறும் கதைதானே என்று தனக்கே சொல்லிப் பார்த்தான். திரைக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ என்ற நினைப்பு விடவில்லை. பொறுக்கமாட்டாமல் போனை எடுத்தான்.

முதல் மணியிலேயே அண்ணன் எடுத்துவிட்டார்.

"அண்ணே, உடம்பு நல்லா இருக்கா?"



"எங்க வீட்டுப் படத்துல மூணு வாரமா தம்பிதாம்ல சாகுதான்," என்றார் அண்ணன். "ஒனக்குப் போன் போடவே பயந்துகிட்டுக் கெடக்கேன்."