அடிக்கடி அவிழும் லேஸ்

"பயல் மறுபடியும் லேஸ் கட்டுறான் சார்! இது நாலாவது தடவை!"

நெட்டுக்கு இந்தப் பக்கம் நின்று மூச்சு மாஸ்டர் கத்தினார். அந்தப் பக்கம் எலக்ட்ரீஷியன் குனிந்து, அவசரமே இல்லாமல், நன்றாக இருந்த லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தான்.

ஃபேக்டரி பேட்மிண்டன் ஃபைனல். ஆளுக்கொரு செட் ஜெயித்து, மூணாவது செட் ஓடிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் என்றால் வாத்தியார் இல்லை, ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். ஆனால் கோர்ட்டில் எவன் கால் வைத்தாலும் பிடித்து உட்காரவைத்துப் பாடம் எடுத்துவிடுவார். "மூக்கால இழு. அடிக்கிறப்ப வாயால 'ஹா'ன்னு விடு. மூச்சை அடக்கிக்கிட்டு அடிச்சா கை இறுகிடும்டா. ஒரு பாயிண்ட் முடிஞ்சா நிதானமா மூணு மூச்சு, அப்புறம்தான் அடுத்த சர்வீஸ்!" அப்படித்தான் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் ஏகப்பட்ட பெருமை. ரெண்டு வருஷமாகக் கோப்பை அவர் வீட்டு டிவி பக்கத்தில்தான் இருக்கிறது. மூணாவது தடவையும் ஜெயித்தால் அங்கேயே நிரந்தரமாக இருந்துவிடும்.

இந்த எலக்ட்ரீஷியன் மேல் அவருக்குக் காலையிலிருந்தே சந்தேகம். கீழ் வீட்டுக்காரன்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, கேட் பக்கம் நின்று மாஸ்டரின் மனைவியோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தான். இவர் தலை தெரிந்ததும் நழுவிவிட்டான்.

"அவன்கிட்ட என்ன ரகசியம்?"

"ஒண்ணுமில்ல. நல்லா ஆடுன்னு சொன்னேன்" என்றாள். பிறகு அவர் பையைப் பார்த்தாள். "எல்லாம் எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. சும்மா தொணதொணக்காத."

தன் பலவீனத்தையெல்லாம் இவளே எதிராளியிடம் ஒப்பித்துவிட்டாளோ? பேக்ஹேண்டுக்குப் போட்டால் திணறுவார் என்று சொல்லியிருப்பாளோ? கட்டின பெண்டாட்டியையே நம்ப முடியாத காலம் என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டேதான் வந்தார்.

இப்போது பார்த்தால், இவருக்கு ரெண்டு பாயிண்ட் சேர்ந்தாற்போல் விழக்கூடாது. உடனே அவனுக்கு லேஸ் அவிழும். இல்லாவிட்டால் ஷட்டில் இறகு உடைந்துவிட்டது என்பான். இல்லாவிட்டால் தரையில் வியர்வை, துடைக்கணும் என்பான். ஆட்டத்தின் வேகத்தையே கெடுக்கிறான், கேடி!

போதாக்குறைக்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை டிராயர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். உள்ளே ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது.

பதினெட்டு - பதினெட்டு. மாஸ்டரின் நெஞ்சுக்குள் லேசாக விசில் அடித்தது. அது வெளியே கேட்டுவிடக்கூடாதென்று 'ஹா' சத்தத்தைக் கூட்டினார். கூட்டம் கைதட்டியது.

எலக்ட்ரீஷியன் அவரையே உற்றுப் பார்த்தான். கை பாக்கெட்டுக்குப் போனது. ஐந்தாவது தடவையாகக் குனிந்தான்.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "சார், அவன் பாக்கெட்ல என்னமோ வச்சிருக்கான். எடுத்துக் காட்டச் சொல்லுங்க. அப்புறம்தான் நான் ஆடுவேன்!"

அம்பயர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கேன்டீன் மேனேஜர் இறங்கி வந்தார். "என்னப்பா அது?"

"ஒண்ணுமில்ல சார். விடுங்க, ஆட்டத்தைப் பாப்போம்."

"பாத்தீங்களா, முழிக்கிற முழியே சரியில்ல!" என்றார் மாஸ்டர்.

"காட்டுப்பா."

எலக்ட்ரீஷியன் ஒரு தடவை மாஸ்டர் முகத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாக வெளியே எடுத்தான். இழுப்புக்காரர்கள் வாயில் வைத்து உறிஞ்சும் நீல மருந்துக் குப்பி.

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

"உன்னோடதா?"

"...ஆமா சார். என்னோடதுதான்."

மேனேஜர் முகம் மாறிவிட்டது. போன வருஷம் ஒருத்தர் ஆட்டத்தின் நடுவில் சுருண்டு விழுந்ததிலிருந்து, மூச்சுக் கோளாறு, நெஞ்சுக் கோளாறு எதுவும் இல்லை என்று ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கோர்ட்டுக்குள் விடுவார்கள்.

"ஃபார்ம்ல என்ன எழுதியிருக்கான்னு பாருங்க சார்" என்றார் மாஸ்டர். "பொய்க் கையெழுத்துப் போட்டுட்டு ஆட வந்தவனை விடலாமா?"

"தப்புப்பா, ரொம்பத் தப்பு" என்றார் மேனேஜர். "இனிமே நீ ஆட முடியாது. கோப்பை மாஸ்டருக்குத்தான்."

எலக்ட்ரீஷியன் சரியென்று தலையாட்டிவிட்டு பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "மூச்சு மாஸ்டர்! மூச்சு மாஸ்டர்!" என்று கூட்டம் கூச்சல் போட்டது. மாஸ்டர் வாயைத் திறந்து சிரிக்கப் பார்த்தார். காற்று பாதியிலேயே நின்றது. நெஞ்சுக்குள் விசில் இப்போது விடாமல் அடித்தது.

கைகுலுக்க வந்த எலக்ட்ரீஷியன், நெட்டுக்கு மேலாக அவர் கையை இறுக்கிப் பிடித்தான். உள்ளங்கையில் ஏதோ அழுந்தியது. மாஸ்டர் குனிந்து பார்த்தார். அதே நீலக் குப்பி. மூடியில் சிவப்பு நெயில்பாலிஷால் ஒரு பொட்டு. அடையாளத்துக்கென்று அவர் மனைவி வைத்த பொட்டு.

"அண்ணி காலையில கொடுத்தாங்கண்ணே. வேணும்னே வீட்ல விட்டுட்டுப் போறாரு, யார் கண்ணுலயும் படாம கொடுத்துடுன்னாங்க" என்றான் அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி. "உங்களுக்கு இழுக்குதுன்னு தெரியுறப்பல்லாம் லேஸைக் கட்டிக் கட்டிப் பாத்தேன், நீங்க மூச்சு வாங்கிக்கிடாம சண்டைக்கு வந்துட்டீங்க. கோப்பையை அப்புறம் வாங்கிக்கலாம், முதல்ல ஓரமாப் போய் ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வாங்கண்ணே."