பள்ளம் தோண்டும் கூலி

தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் நிலத்தடிக் குழாய் முழுக்கத் துருப்பிடித்துவிட்டது, மாற்ற நாற்பதாயிரம் ஆகும் என்றார் பிளம்பர். அதில் பாதி பள்ளம் தோண்டும் கூலி. கணவன் இறந்தபின் தனியாக இருந்த பவளக்கொடி யோசிப்பதற்குள் கொழுந்தன் வந்துவிட்டான்.

“எதுக்கு அண்ணி இந்தச் செலவு? வீட்டை என் பேருக்கு எழுதிக் குடுத்துட்டு எங்களோட வந்து இருங்க.”

அவள் பக்கத்து வீட்டில் கடப்பாரை வாங்கிவந்து வாசலில் தோண்ட ஆரம்பித்தாள். கை கொப்பளித்தது. துணியைச் சுற்றிக்கொண்டாள். நாலாம் நாள் பள்ளம் கேட்டைத் தாண்டியபோது கொழுந்தன் குறுக்கே வந்து நின்றான்.

“தெருவே பாக்குது அண்ணி. நிறுத்துங்க.”

அவள் நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“தள்ளி நில்லுங்க தம்பி. உங்க காலுக்குக் கீழதான் குழாய் போகுது” என்று கடப்பாரையை ஓங்கினாள்.