ஜன்னலுக்கு ஒரு திரை

"நான் என்ன இன்னிக்குப் புதுசா பள்ளிக்கூடம் சேர்ற புள்ளையாடா? கழுத்துல அட்டையை மாட்டி விடுறே!"

ரயில் பெட்டி முழுக்கக் கேட்கும்படிதான் அம்மா சொன்னாள். கோபமெல்லாம் வாயோடு சரி. மகன் தன் கையாலேயே நூல் கோத்து மாட்டிவிட்டதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"திருவிழாக் கூட்டம்மா. தொலைஞ்சு போனா யார்கிட்டயாவது அட்டையைக் காட்டு. என் நம்பர் எழுதியிருக்கேன்" என்றான் மகன்.

எதிர் சீட்டில் ஒரு தையல்காரம்மா. ஏறியதிலிருந்து இரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"குடுத்து வெச்சவங்கக்கா நீங்க. என் புள்ளை ஸ்டேஷன் வரைக்கும்கூட வரலை."

"எனக்கும் இப்பத்தான் விடிஞ்சிருக்கு. வீடு மாத்தறோம். சாமானெல்லாம் மருமகளோட லாரியில போயாச்சு. ஆத்துல ஒரு முழுக்கு, சாமிக்கு ஒரு கும்பிடு, நேரா புது வீடு. எனக்குன்னு தனி ரூமாம். ஜன்னல் வெச்ச ரூம்!"

பழைய வீட்டில் அவளுக்குச் சமையலறைதான் படுக்கை. கால் நீட்டினால் கேஸ் சிலிண்டரில் இடிக்கும். மகன் அந்த ஜன்னலைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை. சந்தோஷத்தில்தான்.

"எந்தத் தெருவுலக்கா?"

"அதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். கூட்டிட்டுப் போனா இருக்கப்போறேன். எனக்கெதுக்குத் தெருவும் நம்பரும்?"

தையல்காரம்மா விவரமானவள். "தம்பி, நம்பரைச் சரியா எழுதியிருக்கியா? ஒண்ணு மாறினாலும் வம்பு" என்று அட்டையைப் பார்த்துத் தன் போனில் அடித்தாள்.

மகன் கையிலிருந்த பெரிய போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சட்டைப் பையிலிருந்த சின்ன போன், 'கொக்கரக்கோ!' என்று கூவியது. பெட்டியே சிரித்துவிட்டது.

"ஏண்டா, உனக்கு வேற பாட்டே கிடைக்கலையா?"

"பழைய போன்ம்மா" என்றான் மகன். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

கோயில் ஊர் வந்தது. இறங்குவதற்கு முன்னால் மகன் அவளுடைய பையைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் கைவிட்டு, எல்லாவற்றையும் சீராக அடுக்கி, ஜிப்பை மூடி அவள் தோளில் மாட்டினான். "பையை மட்டும் யார்கிட்டயும் குடுத்துடாதேம்மா."

சேலை கசங்கக்கூடாது என்பதில்கூட பிள்ளைக்கு எத்தனை அக்கறை! தையல்காரம்மா பார்க்கிறாளா என்று அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஆற்றில் முழுகினார்கள். சாமி கும்பிட்டார்கள். வெளியே வந்தால் கடைவீதி, ராட்டினம், தள்ளுமுள்ளு. மகன் அவள் கையைப் பிடித்தபடிதான் நடந்தான். கையை விட்டது அவள்தான். ஒரு துணிக்கடையில் ஜன்னல் திரை தொங்கியது. பச்சையில் கிளிகள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பேரம் பேசி வாங்கி, "டேய், நல்லாருக்கா பாரு!" என்று திரும்பினாள்.

மகனைக் காணோம்.

யாரோ ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டு, காணாமல் போனவர்களை உட்கார வைக்கும் கொட்டகையில் கொண்டுவந்து சேர்த்தார். கொட்டகை வாசலிலேயே ஒலிபெருக்கி. சிவப்புச் சட்டைப் பையன், கண்ணாடி போட்ட பெரியவர் என்று மூச்சு விடாமல் அலறிக்கொண்டிருந்தது. மகன் பேரையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

அங்கே வேலை பார்த்த பெண் அட்டை நம்பரை மறுபடி மறுபடி அடித்தாள். "ரிங் போகுதும்மா, எடுக்க மாட்டேங்கறாங்க. வீட்டு விலாசம் சொல்லுங்களேன்."

"புது வீடு கண்ணு. நான் இன்னும் பாக்கவே இல்லையே. பழைய வீட்டையும் காலி பண்ணிட்டோம்."

"அப்ப அவர் எடுத்தாத்தான் உண்டு."

"இந்தச் சத்தத்துல அவனுக்கு எப்படிக் கேக்கும்? பாவம், எங்கெங்க அலையறானோ! தப்பு என்மேலதான். இந்தத் திரைக்கு ஆசைப்பட்டுக் கையை விட்டுட்டேன். வந்து நல்லாத் திட்டட்டும், வாங்கிக்கறேன்."

ஒவ்வொருவராக ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அழுதுகொண்டிருந்த பையன்கூடப் போய்விட்டான். அம்மா பையை மடியில் வைத்து, திரையை அதன்மேல் மடித்து வைத்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசி வயிற்றைக் கிள்ளியது. பிள்ளையும் சாப்பிட்டிருக்க மாட்டான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திடீரென்று கரண்ட் போனது. ஒலிபெருக்கி கப்சிப்.

அம்மா துள்ளி நிமிர்ந்தாள். "இப்ப அடி கண்ணு! இப்ப அவனுக்குக் கேக்கும்!"

அந்தப் பெண் அடித்தாள்.

'கொக்கரக்கோ!'

"வந்துட்டான்! நான் சொல்லலை?" அம்மா முகமெல்லாம் பல்லாக வாசலைப் பார்த்தாள். வாசலில் யாருமில்லை.

மறுபடியும் கூவியது. சத்தம் மடியிலிருந்த பைக்குள்ளிருந்து வந்தது. சேலைகளுக்கு அடியில் கைவிட்டு மகன் அடுக்கியது அவள் கண்முன் வந்து நின்றது.

அந்தப் பெண் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பையையே பார்த்தாள். "அம்மா, உங்க பையிலதானே..."

அம்மா கிளித் திரையால் பையை இறுக்கிச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "எங்கயோ நிஜச் சேவல் கூவுது கண்ணு, நீ போனை வை" என்றாள்.